கால்சட்டை மடிப்பு

கணக்கெடுப்புக்காரர் வாசலில் வந்து நின்றபோது டெய்லரக்கா அன்றைய ஒன்பதாவது கால்சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். கை துணியைத் தள்ளிக்கொண்டிருந்தது, கால் மிதித்துக்கொண்டிருந்தது, பல்லுக்கு நடுவில் நூல் இருந்தது. தொழில் என்ன என்று அவர் கேட்டார். நூலைக் கடித்து எடுத்துவிட்டு அவள் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும் அவளுக்கு.

"வீட்டுல சும்மாதான் சார் இருக்கேன்."

அவரும் நல்ல மனுஷர்தான். மெஷினைப் பார்த்தார், மிதிக்கிற காலைப் பார்த்தார், பக்கத்தில் இடுப்பளவு குவிந்து கிடந்த சாம்பல் நிறச் சீருடைகளைப் பார்த்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, 'தொழில்: இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அந்தத் தெருவில் முப்பத்தெட்டு வீடுகள். முப்பத்தெட்டு வீட்டுப் பெண்களும் அதே பதிலைத்தான் சொன்னார்கள். ஒருத்தி இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு நின்று சொன்னாள். இன்னொருத்தி படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனாருக்கு வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். பேசி வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அப்படித்தான் வாய் பழகியிருந்தது.

அந்தக் கணக்கெடுப்பு எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். தெருக்கோடியில் பேட்டரி செய்யும் ஆலை. அதற்குப் பின்னால் ஏரி. பேட்டரிக்குள் வைக்கும் தகடுகளில் காரீயப் பசை பூசிக் காயவைத்துத் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது தூசி பறக்கும். ஏரியில் மீன் செத்து மிதக்க ஆரம்பித்து ஏழு வருஷம் ஆகிறது. அந்த ஏழு வருஷமும் விடாமல் அலைந்தவர் ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர். வாயைத் திறந்தால் ஏரி, மூடினாலும் ஏரி என்பதால் ஊரே அவரை ஏரி சார் என்றுதான் கூப்பிட்டது. அவர் அலைந்த அலைச்சலில்தான் அரசாங்கம் ஒரு ஆய்வுக்குழுவை அனுப்பியது.

வந்தவர்கள் வேலையில் குறை சொல்ல முடியாது. ஏரித் தண்ணீரை எடுத்தார்கள், சேற்றை எடுத்தார்கள், மீனின் ஈரலை எடுத்தார்கள். மரத்தில் ஏணி போட்டு ஏறிக் கொக்கு முட்டையை எடுத்தார்கள். வாத்துகளை வலைபோட்டுப் பிடித்து, மிரண்டுவிடக் கூடாதென்று துண்டால் தலையை மூடி, இறக்கைக்கு அடியில் மெல்லிய ஊசியால் ரத்தம் எடுத்து, தடவிக் கொடுத்துத் திரும்ப விட்டார்கள். ஆலையில் வேலை செய்கிற ஆண்களுக்கும் எடுத்தார்கள். வீடுகளில் மட்டும், செய்கிற தொழிலால் ஈயம் படக்கூடியவர்களுக்கு எடுத்தால் போதும் என்று விதி. சும்மா இருக்கிறவர்கள் மேல் என்ன படப்போகிறது? ஒரு பெண்ணுக்கும் ரத்தம் எடுக்கவில்லை.

டெய்லரக்கா அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது வயது பத்தொன்பது. இப்போது நாற்பத்தாறு. கணவர் ஆலையில் பேக்கிங் பகுதி. நாள் முழுக்க அட்டைப்பெட்டிகளோடு இருந்து இருந்து அவரும் ஒட்டின பெட்டி மாதிரி வாயைத் திறக்காத மனுஷர். பிள்ளை இல்லை. 'ஏன் இல்லை' என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சலித்து, கடைசியில் வாயில் நூலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நூல் வாயில் இருக்கும்போது யாரும் பதிலை எதிர்பார்க்க மாட்டார்கள். பல்லால் கடித்து அறுப்பது, நாக்கில் தொட்டு ஊசியில் கோப்பது, இதில் அவள் வேகத்துக்கு யாரும் கிட்ட வர முடியாது. கத்தரிக்கோலை எடுக்கிற நேரத்தில் இன்னொரு காஜா போட்டுவிடலாம் என்பாள்.

அவளுடைய பெயர் போன வேலை அந்த நாலு விரல் மடிப்பு. ஆலையில் கால்சட்டையை மூன்றே அளவில்தான் தருவார்கள். தெருவில் பாதி ஆண்களுக்கு அது தரையைக் கூட்டும். மற்ற தையல்காரர்கள் மிச்சத்தை வெட்டி எறிந்துவிடுவார்கள். இவள் வெட்ட மாட்டாள். வெளிப்பக்கமாக நாலு விரல் அகலத்துக்கு மடித்து, இரண்டு ஓரத்திலும் மட்டும் தையல் பிடித்துவிடுவாள். கால் நுனி நைந்து போனதும் பிரித்து, இறக்கி, மறுபடி தைக்கலாம். ஒரு வருஷம் வருகிற துணி இரண்டு வருஷம் வரும். அந்த மடிப்புக்காகவே பக்கத்துத் தெருக்காரர்களும் தேடி வந்தார்கள். அவளுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. இருக்கத்தானே செய்யும்.

தங்கை இருந்தாள், ஒரே தங்கை. அக்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று, அதே தெருவில் ஆறு வீடு தள்ளி மாப்பிள்ளை பார்த்துக் கட்டிவைத்தவளே டெய்லரக்காதான். மாப்பிள்ளைக்குத் தகடு தேய்க்கும் பகுதியில் வேலை. தங்கமான பையன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் தங்கைக்கு முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில். மாமியார் வாய் சும்மா இருக்குமா? "என் வீட்டுக்கு வந்த ராசி அப்படி" என்று தண்ணீர்க் குழாயடியில் நாலு பேர் காதில் விழும்படி சொன்னாள். டெய்லரக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் தங்கை அந்த வீட்டில் வாழ வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கணக்கெடுப்பு முடிந்த ஐந்தாவது மாதம் தங்கைக்கு மூன்றாவது முறை நாள் தள்ளிப்போயிருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டாள்.

"சும்மாதான் டாக்டர் இருக்கேன்" என்றாள் தங்கை.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "சும்மா இருக்கிற பொம்பளைய நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்ல. காலையில எழுந்திரிச்சதுலேர்ந்து என்னென்ன செய்வே? ஒண்ணு விடாம சொல்லு."

தங்கை சிரித்துவிட்டாள். ஆனாலும் சொன்னாள். வாசல் கூட்டுவது, தண்ணீர் பிடிப்பது, அடுப்பு, பாத்திரம் என்று வரிசையாகச் சொல்லி, "அப்புறம் அவரோட வேலைத் துணிய முற்றத்துல நல்லா உதறிட்டு ஊற வைப்பேன்" என்றபோது டாக்டரம்மா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"உதறினா என்ன வரும்?"

"புழுதிதான். சாம்பல் மாதிரி. மூக்கெல்லாம் கரிக்கும், அவ்வளவுதான்."

ரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. தங்கையின் உடம்பில் ஈயம், அதுவும் தேய்க்கும் பகுதியில் நிற்கிற அவள் கணவன் உடம்பில் இருந்த அளவுக்குக் கிட்டத்தட்ட. அது கருவைப் பாதிக்கும் என்று டாக்டரம்மா சொன்னாள். முன்னால் போன இரண்டும் அதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் இந்த மூன்றாவது நிற்க வேண்டுமென்றால் அந்தத் தூசி இனி வீட்டுப் படி ஏறக் கூடாது என்றாள். துணியை ஆலையிலேயே மாற்றி, ஆலையிலேயே துவைக்க வேண்டும். அதை ஆஸ்பத்திரி செய்ய முடியாது. ஆலைதான் செய்ய வேண்டும்.

தங்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த டெய்லரக்கா வீட்டுக்கு வந்ததும் மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த குவியலிலிருந்து ஒரு பழைய கால்சட்டையை எடுத்தாள். தன் கையால் மடித்த நாலு விரல் மடிப்பைத் தன் கையாலேயே பிரித்தாள். உள்ளே சாம்பல் நிறத் தூள் விரல் பருமனுக்குக் கட்டியாக உறைந்திருந்தது. எத்தனை தடவை துவைத்தும் போகாமல் அங்கேயே தங்கியிருந்தது. பெருமையாகத் தைத்துக் கொடுத்தாளே, முப்பத்தெட்டு வீட்டுக்கும் ஆளுக்கு இரண்டு பையாகத் தைத்து, விஷத்தை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்! அடுத்த நிமிஷம்தான் நினைவு வந்தது: இந்த மடிப்புகளின் தையலையெல்லாம் இருபத்தேழு வருஷமாகப் பல்லால் கடித்துப் பிரித்திருக்கிறாள். எழுந்து போய் வாயைக் கொப்புளித்தாள், மறுபடி மறுபடி கொப்புளித்தாள். குவியலை மூட்டையாகக் கட்டி வெளியே வைத்தாள். பிறகு நேராக ஏரி சார் வீட்டுக்கு நடந்தாள்.

ஏரி சார் வீட்டு முன்னறையில் சுவர் தெரியாமல் வாத்துப் படங்கள். அவளுக்குப் பழகின அறைதான். ஏரிக்காக அவர் நடத்துகிற இயக்கத்தின் மகளிர் அணியில் அவளும் உண்டு. மகளிர் அணி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கூட்டம் நடந்தால் டீ போடுவது, நாற்காலி துடைப்பது, ஊர்வலத்துக்கு முதல் வரிசையில் நிற்பது. மூலையில் சுருட்டி வைத்திருந்த இருபத்திரண்டு அடி பேனரும் அவள் தைத்ததுதான். 'பூமித் தாயைக் காப்போம்' என்று ஒவ்வொரு எழுத்தையும் பச்சைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்தாள். மூன்று நாள் வேலை. சும்மா தைத்துக் கொடுத்தாள்.

ஏரி சார் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா இதை இந்த நேரத்துல கிளப்பக் கூடாது. அறிக்கை அடுத்த மாசம் வருது. ஏரி விஷயத்துல நாம ஜெயிக்கப் போறோம். நடுவுல வீட்டுத் துணி, குழந்தைன்னு போனா, ஆலைக்காரன் தொழிலாளிங்களையே நமக்கு எதிரா திருப்பிவிட்டுடுவான். பொதுப் பிரச்சினை வேற, குடும்பப் பிரச்சினை வேற. புரியுதா? அதுவரைக்கும் கையில உறை மாட்டிக்கிட்டு, துணிய ரெண்டு மூணு தண்ணியில நல்லா அலசச் சொல்லுங்க."

"அலசின தண்ணிய எங்க சார் ஊத்துறது?"

"சாக்கடையிலதான்."

"எங்க தெருச் சாக்கடை எங்க சார் போகுது?"

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அந்தச் சாக்கடை எங்கே போய் விழுகிறது என்று ஏழு வருஷமாக வரைபடம் போட்டுக் காட்டி வருகிறவரே அவர்தான்.

"உங்க ஏரிக்குத்தான் சார் வருது. முப்பத்தெட்டு வீட்டுத் தண்ணியும். எங்க வாளியில இருக்கிற வரைக்கும் குடும்பப் பிரச்சினை, உங்க வாத்து குடிச்சா பொதுப் பிரச்சினை. அப்படித்தானே?"

"கோபப்படாதீங்கம்மா. எதுக்கும் ஒரு முன்னுரிமை இருக்கு."

கோபப்படாதே என்று சொன்னால் அடங்கிவிடுகிற கோபமா அது? கெட்டவர்கள் காது கொடுக்காவிட்டால் மனசு ஆறிவிடும். இவர் நல்லவர், வாத்துக்காக அழுததை அவளே பார்த்திருக்கிறாள். பூமிக்கெல்லாம் சேர்த்துக் கவலைப்படுகிற ஒரு நெஞ்சில் ஆறு வீடு தள்ளி இருக்கிற ஒரு வயிற்றுக்கு இடமில்லை என்றால் அது என்ன பூமி, அது என்ன கவலை? வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தாள், வாய்விட்டே சொன்னாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

மறுநாள் காலை குழாயடியில் அவள் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். ஒருத்தி வாளியைக் கீழே வைத்துவிட்டு, தனக்கு ஒரு கரு போனது என்றாள். இன்னொருத்தி, தன் மகள் ஆறு வயதாகியும் பேச்சு திருந்தவில்லை என்றாள். தங்கையின் மாமியார் வாளி நிரம்பி வழிவது தெரியாமல் நின்றாள்.

"எனக்கும் ரெண்டு போச்சு" என்றாள் அந்த அம்மா. "என் மாமியாரும் என்னைய ராசி கெட்டவள்னுதான் சொன்னா." மருமகளிடம் மன்னிப்பு கேட்டாளா என்று கேட்காதீர்கள், கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து மகனின் துணியை வாசலுக்கு வெளியிலேயே கழற்ற வைத்து, ஒரு கம்பால் தள்ளி ஒரு பைக்குள் போட்டு வாயைக் கட்டினாள்.

மற்ற வீடுகளிலும் அதுவே நடந்தது. உதறக் கூடாது, ஊற வைக்கக் கூடாது, கட்டி வெளியே வைத்துவிட வேண்டும். ஆண்கள் சீறினார்கள். நாற்றமடிக்கிற துணியைப் போட்டுக்கொண்டா வேலைக்குப் போவது என்றார்கள். "வேலை போயிடும்" என்று டெய்லரக்காவின் கணவர், வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசுகிறவர், அன்று அந்த வார்த்தையைச் செலவழித்தார். "வேலை போனா வேற வேலை தேடலாம்யா. போன புள்ளைங்களைத் தேடித் தருவியா?" என்று அவள் கேட்டாள். தனக்கு ஏன் பிள்ளை இல்லை என்று கேட்ட எத்தனையோ பேருக்குச் சொல்லாத பதில் அதில் இருந்தது. மறுநாள் அவர் தன் துணியைத் தானே கட்டி வெளியே வைத்தார்.

அறிக்கை வாசிக்கும் நாள் வந்தது. நகர மன்றக் கூடம். மேடையில் வெள்ளை விரிப்புப் போட்ட நீள மேசை. ஆய்வுக்குழுத் தலைவர், ஆலை மேனேஜர், ஏரி சார் மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில். பின்னால் அவள் தைத்த பேனர். திரையில் ஒவ்வொன்றாக வந்தது. தண்ணீரில் இவ்வளவு, சேற்றில் இவ்வளவு, வாத்தின் ரத்தத்தில் இவ்வளவு. கொக்கு முட்டைக்கு மட்டும் நாலு படம். பிறகு, 'பெண்கள்: தொழில் இல்லை; பாதிப்புக்கு வாய்ப்பில்லை' என்று ஒற்றை வரி வந்து, அதைத் தலைவர் வாசிக்கக்கூட இல்லை. அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

டெய்லரக்கா எழுந்தாள். பின்னாலேயே, வீட்டுக்கொரு வாய் கட்டிய துணிப் பையோடு, குழாயடியே எழுந்தது. தங்கையை அவள் கூட்டி வரவில்லை. அந்தத் துணி இருக்கிற இடத்துக்கு வயிற்றுப்பிள்ளைக்காரியைக் கொண்டுவர அவளுக்கு மனசில்லை. தங்கையின் மாமியார்தான் பையைத் தூக்கி வந்தாள். டெய்லரக்கா மேடையேறி, பையைப் பிரித்து, கையுறை போட்ட கையால் ஒரு கால்சட்டையை எடுத்து வெள்ளை விரிப்பின் மேல், மேனேஜருக்கு நேராக வைத்தாள்.

"என்னம்மா இது?"

"உங்க சீருடைதான் சார். ஒரே ஒரு தடவை உதறிக் காட்டுங்க."

மேனேஜரின் நாற்காலி பின்னால் நகர்ந்தது. தலைவர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார். அவருக்குத் தெரியும், அவர் படித்தவர். முன்வரிசையில் இருந்த பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக எழுந்து இரண்டு வரிசை தள்ளிப் போனார்கள். ஏரி சார் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். கையை நீட்டினார். பாதியில் நிறுத்தி மடக்கிக்கொண்டார்.

"ஏன் சார் எல்லாரும் ஓடுறீங்க? வெறும் துணிதானே. இதைத்தான் எங்க தெருவுல தினம் உதறுறோம், மாசமா இருக்கிறவளும் உதறுறா. அதுக்கு உங்க தாள்ல தொழில் இல்லைன்னு எழுதியிருக்கு. சரி, தொழில் இல்லாத வேலைதானே? நீங்க ஒரு தடவை செய்ங்க."

யாரும் தொடவில்லை. கூடத்தில் மின்விசிறியை யாரோ ஓடிப்போய் நிறுத்தினார்கள்.

அவள் பேனர் பக்கம் திரும்பினாள். "பூமித் தாய், பூமித் தாய்னு நான்தான் தைச்சேன். இப்பத்தான் புரியுது. தாய்னு பேர் வெச்சுட்டா கேட்காம எடுத்துக்கலாம். உதறினா வாங்கிப்பா, ஊத்தினா குடிச்சுப்பா, வாயத் திறக்க மாட்டா. வீட்டுல இருக்கிறவளையும் அப்படித்தான் நினைச்சீங்க, வெளியில இருக்கிறதையும் அப்படித்தான் நினைச்சீங்க. ஏரி சார், இப்பச் சொல்லுங்க. இது பொதுப் பிரச்சினையா, குடும்பப் பிரச்சினையா?"

ஏரி சார் எழுந்து நின்றார். மேடையிலிருந்து இறங்கி, பெண்கள் நின்ற பக்கம் வந்து நின்றுகொண்டார். அது போதுமா என்றால் போதாது. ஏழு வருஷத்துக்கு அப்புறம் பத்தடி நடந்தார், அவ்வளவுதான். முப்பத்தெட்டுப் பைகளையும் மேடைக்கு முன்னால் வரிசையாக வைத்துவிட்டுப் பெண்கள் வெளியே போனார்கள். அதை அப்புறப்படுத்த ஆலை உடம்பு முழுக்க மூடிய உடுப்போடு ஆட்களை அனுப்பியது. அந்த உடுப்பு இவ்வளவு நாளும் எங்கே இருந்ததோ.

நாலாவது வாரம் ஆலைக்குள் குளிக்கவும் உடை மாற்றவும் இடம் வந்தது, துவைக்க மெஷின் வந்தது, அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்கத் தொட்டி வந்தது. இருபத்தேழு வருஷமாக முடியாதது இருபத்தேழு நாளில் முடிந்தது. திறப்பு விழாப் படத்தில் தலைவரும் மேனேஜரும் கத்தரிக்கோலோடு நின்று ரிப்பன் வெட்டினார்கள். பத்திரிகையில் பெண்கள் என்ற வார்த்தையே இல்லை. ரிப்பனை யார் தைத்தது என்று மட்டும் டெய்லரக்கா கேட்டாள்; இந்த முறை அவள் இல்லை.

தங்கைக்கு ஏழாம் மாதம் நடந்தபோது கணக்கெடுப்புக்காரர் மறுபடி வந்தார். இப்போது கூடவே ஒரு நர்ஸ், ஊசி, குப்பிகள். தங்கையின் ரத்தத்தில் ஈயம் பாதியாக இறங்கியிருப்பதாக டாக்டரம்மா முந்தின வாரம்தான் சொல்லியிருந்தாள். பிள்ளை உதைக்கிறது, நன்றாகவே உதைக்கிறது. பிறந்தால்தான் முழுசாகத் தெரியும் என்றும் சொல்லியிருந்தாள். டெய்லரக்காவுக்கும் அதே ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். தெருவிலேயே அதிகம் அவளுக்குத்தான். எலும்பில் ஏறியது இறங்க வருஷக்கணக்காகுமாம்.

அவள் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புதுக் கத்தரிக்கோல் ஒன்று கயிற்றில் தொங்கியது. வாயில் நூல் இல்லை.

"தொழில் என்னம்மா?" என்று கேட்டார் அவர், தாளைப் பார்த்தபடி.

"எழுதுங்க சார். தையல். அப்புறம் இருபத்தேழு வருஷமா ஆலைத் துணிய உதறி, ஊறவெச்சு, கசக்கிப் போட்டது. ஆலைச் சீருடைய ரெண்டு வருஷம் உழைக்க வெச்சது. தண்ணி பிடிச்சது. என் மாமனாரும் படுக்கையில கிடந்தப்போ அவரை மூணு வருஷம் தூக்கிக் கழுவினது. உங்களுக்கெல்லாம் டீ போட்டது, பேனர் தைச்சது..."

"அம்மா, அம்மா. இதுல ஒரு வரிதான் இடம் இருக்கு."

டெய்லரக்கா மிதிப்பதை நிறுத்தினாள்.

"தாளைத் திருப்பிப் போட்டு எழுதுங்க."